குடிக்காதவர்களின் பட்டியல்

லாலாகுடா ரயில்வே டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் தேவசகாயம் மருந்து ஊற்றும்போது வரிசையில் நிற்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மற்ற கம்பவுண்டர்கள் அவுன்ஸ் கிளாஸைக் கையில் தூக்கிப் பிடித்து உத்தேசமாக ஊற்றிவிடுவார்கள். இவர் கிளாஸை மேசைமேல் வைத்து, முதுகை வளைத்துக் குனிந்து, மருந்தின் மட்டம் கோட்டைத் தொட்டதா என்று பார்த்த பிறகுதான் சீசாவில் சேர்ப்பார். சீசாவின் முதுகில் ஒட்டுகிற காகிதப் பட்டையையும் அவரே வெட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு பல் என்று ஓரத்தைக் கத்தரித்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் பல்லைப் பார்த்து அளவு தப்பாமல் குடிப்பார்கள்.

அவர் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து சிகந்தராபாத்துக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில். ஒர்க்‌ஷாப்பில் வேலைபார்த்த, பக்கத்து மெட்டுகுடாவில் குடியிருந்த பழைய தமிழ்க் குடும்பம் ஒன்றில் செலினைப் பெண்ணெடுத்தார். பிள்ளைகள் இல்லை. செலினுடைய தம்பி ஏனோக்தான் அந்த வீட்டில் பிள்ளை மாதிரி. ஃபிட்டர் வேலை. இரண்டு லைன் தள்ளி குவார்ட்டர்ஸ். அவன் பெண்டாட்டி டோரிஸ் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் இங்கே வந்துவிடும்.

தேவசகாயம் மதுவைத் தொட்டதே கிடையாது. ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். அவரும் அப்படிப் போட்டவர். அதைப் பற்றி அவர் பெருமை பேசியதும் இல்லை. மருந்தாகப் பிராந்தி எழுதி வந்தால் அதையும் குனிந்து பார்த்துத்தான் ஊற்றுவார்.

அவரைக் கிளப்பிவிட்டது பாய்லர் ஷாப் பெருமாள். வட ஆர்க்காட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, இரும்புத் தூண் போல இருப்பார். தினமும் சாயங்காலம் ஒரே ஒரு சொம்பு சேந்தி, அந்த ஊர்க் கள். அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் கிடையாது. ஒருநாள் மைத்துனருக்கு மருந்து வாங்க வந்தவர் வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா கம்பவுண்டரே, நிக்கிறவன் மூஞ்சியப் பாரு. பாதிப் பேரு உங்க கோயில்காரன். ஒரு சொட்டு தொடாத உத்தமன். இருமிக்கினு நிக்கிறான். நான் எனக்குன்னு இந்தப் படி ஏறி எத்தினி வருசம் ஆச்சு சொல்லு."

"நீர் ஒருத்தர் நல்லாயிருந்தா அது கணக்கா பெருமாள்?"

"சரி, நீயே கணக்குப் பாரேன். அளக்கறதுதான உன் தொழில்."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

டிஸ்பென்சரியின் நோயாளிப் பதிவேடு அவர் கையில்தான் இருந்தது. யார் எத்தனை நாள் உடம்பு முடியாமல் வேலைக்கு வரவில்லை என்பது அதில் இருக்கும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, மூன்று வருஷத்துப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார். தம் வேதக்கோவிலைச் சேர்ந்த ஒர்க்‌ஷாப் ஆட்களை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவர்களில் குடிக்காதவர் யார் என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். சபை உபதேசியார் கிதியோனிடம் ஒரு புத்தகம் இருந்தது. மதுவை விடுகிறேன் என்று சொல்கிறவர்கள் கையெழுத்துப் போடுகிற பொருத்தனைப் புத்தகம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை வாங்கி உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொண்டார். குடிக்கிறவர்களில் யார் அளவுக்காரர், யார் மொடாக்குடியர் என்பது ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர். மொடாக்குடியர் நாற்பத்தேழு. அளவாகக் குடிப்பவர் தொண்ணூற்றாறு. குடிக்காதவர் எழுபத்தொன்று. மொடாக்குடியர் வருஷத்துக்குப் பத்தொன்பது நாள் படுத்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். குடிக்காதவர்கள் பதினாலு நாள் படுத்திருந்தார்கள். அளவாகக் குடிப்பவர்களோ எட்டே நாள்தான்.

மூன்று முறை கூட்டிப் பார்த்தார். மாறவில்லை.

தன் மனசுக்கு விரோதமாக வந்த கணக்கு என்பதாலேயே அது அவருக்கு இன்னும் உறுதியாகப் பட்டது. பொய்க்கணக்கு என்றால் தான் விரும்பிய பக்கம்தானே சாய்ந்திருக்கும் என்று நினைத்தார். நேர்மையான மனுஷர்கள் ஏமாறுகிற விதம் அது. டாக்டரிடம் காட்டினார். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, நல்ல சிரத்தையான வேலை என்றார். அந்த டாக்டரும் சாயங்காலம் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்கிறவர். பெருமாள் பட்டியலைக் கையால் பிரதி எடுத்துப் பாய்லர் ஷாப்பில் ஒட்டிவைத்தார்.

அந்த நாட்களில் ஏனோக் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். இளவயதில் கடுமையாகக் குடித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் காமாலை கண்டு கண்ணும் நகமும் மஞ்சளாகிப் படுத்தான். டாக்டர் இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார். அவனும் விட்டான். ஆனால் உடம்பு தேறவில்லை. சம்மட்டியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. மாசத்துக்கு இரண்டு தரம் பதிவேட்டில் அவன் பெயர் ஏறியது. சம்பளம் பிடிபடுவதை விட, மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் அவனுடைய பயம். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்.

தேவசகாயம் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மச்சினனைப் பார்த்தார். எழுபத்தொரு பேரில் ஒருவன். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதாகத் தோன்றியது. குடியை ஒரேயடியாக நிறுத்தியதால்தான் இவன் இப்படி இருக்கிறான்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லுதேன் கேளு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால ஒரு அவுன்ஸ் பிராந்தி. மருந்தா. அதுக்கு மேல கூடாது."

ஏனோக் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "நக்கோ அத்தான். அந்தப் பேச்சே வேண்டாம். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"குடிக்க மாட்டேன்னுதான் போட்ட. மருந்து சாப்பிட மாட்டேன்னு போடலயே. ஆஸ்பத்திரில சேர்ந்தா டாக்டரே எழுதுவாருல்லா."

"டாக்டர் கூடாதுன்னு சொன்னாரே அண்ணன்" என்றாள் டோரிஸ். அவள் வாசலருகே நின்றுகொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள்.

"அது ரெண்டு வருசத்துக்கு முந்தி, டோரிஸ். என் பட்டியலை அவரே பாத்து நல்லதுன்னு சொல்லிட்டாரு."

டாக்டர் நல்லது என்று சொன்னது பட்டியலை. ஏனோக்கைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று தேவசகாயம் சொன்னதல்ல அது. இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தார்.

"நிச்சயமாத் தெரியுமா அண்ணன்?" என்று டோரிஸ் திரும்பக் கேட்டாள்.

"இருநூறு பேரை எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுதேன். தெரியாம சொல்லுவேனா?"

செலின் தம்பியின் தட்டில் குழம்பை ஊற்றினாள். கணவரின் கணக்கில் அவள் எப்போதும் குறுக்கே பேசியதில்லை.

பிராந்திச் சீசாவிலும் அவர் காகிதப் பட்டை ஒட்டிக் கொடுத்தார். இருபத்துநாலு பல். ஒரு நாளைக்கு ஒன்று. டோரிஸ்தான் தினமும் ஊற்றிக் கொடுத்தாள். முதல் இரண்டு மாசம் எல்லோருக்கும் சந்தோஷம். ஏனோக்குக்குப் பசி எடுத்தது. முகத்தில் ஒரு சிவப்பு வந்தது. வேலைக்கு விடாமல் போனான்.

"இப்போ தேவலையாடா?" என்று அக்காள் கேட்டால், "ஹவ் அக்கா, தேவலை. அத்தான் மருந்து பேசுது" என்பான்.

அவனைப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருந்த வேறு பதினோரு பேர் கம்பவுண்டரிடம் வந்து அளவு கேட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் பட்டை வெட்டிக் கொடுத்தார்.

ஐந்தாவது மாசம், செப்டம்பரில், ஏனோக் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தான்.

"கால் உள்ளே போக மாட்டேங்குது அத்தான். சின்னதாப் போச்சு போல, இல்லே?"

தேவசகாயம் அவனை பெஞ்சில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. சட்டையைத் தூக்கச் சொன்னார். வயிறு இறுகி மினுமினுத்தது. பதினாலு வருஷமாக அந்த அறையில் நின்றவருக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

"அளவுக்கு மேல எடுத்தியா? உள்ளதைச் சொல்லு, நான் கோபப்பட மாட்டேன்."

"சத்தியமா இல்லே அத்தான். டோரிஸைக் கேளுங்க. பல்லு தாண்டினதே கிடையாது."

அவன் அளவு மீறியிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கினார். அப்படி ஏங்கியது அவருக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஈரல் கெட்டிப்பட்டு நீர் கோத்திருக்கிறது என்றார். பிராந்தி என்றதும் நிமிர்ந்து, யார் சொல்லி எடுத்தான் என்று கேட்டார்.

"நான்தான் சார்."

டாக்டர் கோபித்திருந்தால் தேவலை. "என்னிடம் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே தேவசகாயம் உபதேசியார் வீட்டுக்குப் போனார். பொருத்தனைப் புத்தகத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்றார். தன் பட்டியலில் எங்கோ ஒரு தப்பு இருக்கவேண்டும், அல்லது எங்கும் தப்பில்லை என்று தெரியவேண்டும். இரண்டில் எதற்காக வந்தார் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

கிதியோன் வயசாளி. கூடத்து மேசையில் புத்தகத்தை எடுத்துவைத்தார். தேவசகாயம் முதல் பக்கத்தைத் திறந்தார். பெயர், தேதி, அதற்கு அடுத்தபடி கையெழுத்துப் போட்ட இடம். மூன்று வரிசை. முன்பு அவசரத்தில் பெயரை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது மூன்றாவது வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினார். ஆஸ்பத்திரி. வீட்டில், படுக்கையில். வீட்டில், படுக்கையில். ஆஸ்பத்திரி. கோவில். வீட்டில், படுக்கையில்.

"ஐயா, இது என்ன? ஆஸ்பத்திரியிலயா கையெழுத்து வாங்குதிய?"

"பின்னே? சுகமா இருக்கிறவன் எவன் வந்து குடியை விடுதேன்னு சொல்லுவான்? யாருக்காவது முடியலன்னு ஜெபிக்கக் கூப்பிட்டா நான் இந்தப் புத்தகத்தையும் தூக்கிட்டுப் போவேன். 'சுகமாக்கினீர்னா இனி தொடமாட்டேன் ஆண்டவரே'ன்னு படுத்துக்கிட்டே பொருத்தனை பண்ணுவான். சில பேருக்குக் கை நடுங்கும், நான் பிடிச்சுக்கிடுவேன். இந்த ஊர்ல எங்க அப்பா காலத்திலிருந்து அப்படித்தானே. உமக்குத் தெரியாதா?"

"எங்க ஊர்ல பத்து வயசுல போடுவோம்யா."

"அப்படியும் கொஞ்சம் பேரு இருக்கான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்."

தேவசகாயம் அங்கேயே உட்கார்ந்து எண்ணினார். எழுபத்தொரு பேரில் ஐம்பத்திரண்டு பேர் படுக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள். பத்தொன்பது பேர்தான் ஆரம்பத்திலிருந்தே குடிக்காதவர்கள். ஐம்பத்திரண்டாவது பெயர் ஏனோக்கினுடையது. "வீட்டில், படுக்கையில்." அந்த இரவு கட்டிலின் தலைமாட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவரேதான். உபதேசியார் புத்தகத்தை விரித்ததும், ஏனோக் ஒருக்களித்து எழுதியதும் அவர் கண்முன் நடந்தது. குடும்பத்துப் பையன், பெரிய வியாதி, அதனால் வீட்டுக்கே வந்து வாங்குகிறார் என்று நினைத்திருந்தார்.

மறுநாள் பதிவேடுகளைப் பிரித்துப் புதிதாகக் கூட்டினார். படுக்கையில் கையெழுத்துப் போட்ட ஐம்பத்திரண்டு பேரின் நோய் நாட்கள் பதினாறைத் தாண்டின. என்றுமே குடிக்காத பத்தொன்பது பேருக்கு எட்டு நாள். அளவுக்காரர்களுக்கு இருந்த அதே எட்டு. சேந்தியும் பிராந்தியும் அவர்களுக்குச் சுகமான ஒரு நாளைக்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. அளவாகக் குடித்து வந்தவன் உடம்பு கெட்டதும் அந்தப் பட்டியலை விட்டு எழுந்து, குடிக்காதவன் பட்டியலில் வந்து படுத்துக்கொண்டிருக்கிறான். அளவுக்காரர் பட்டியலில் மிஞ்சியவர்கள் இன்னும் கெடாதவர்கள். அதைத்தான் அவர் மருந்தின் குணம் என்று வாசித்திருந்தார்.

ஏனோக்கிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனார். டாக்டர் வயிற்றிலிருந்து நீர் எடுத்திருந்தார். அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். தன் பக்கம் எதையும் குறைக்கவில்லை. டாக்டரிடம் அவனைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் சொன்னார். டோரிஸ் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏனோக் போர்வையை விலக்கித் தன் வயிற்றைப் பார்த்தான்.

"அப்ப நான் குடிச்சதால சீக்காளி. விட்டதால இல்லே."

"ஆமா மாப்ளே."

"நம்ம மெட்டுகுடாவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே அத்தான், இந்தப் புத்தகம் எப்ப வரும்னு. ஆள் முடியாம இருக்கான்னா உபதேசியார் கக்கத்துல புத்தகம் இருக்கான்னுதான் முதல்ல பார்ப்போம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்லே." அவன் சிரிக்க முயன்றான். "சரி விடுங்க. மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா? அவங்க பதினோரு பேரு?"

"உன்கிட்டச் சொல்லாம எப்படிப் போவேன்?"

"போங்க அத்தான். முதல்ல அதைச் செய்யுங்க."

பதினோரு வீட்டுக்கும் போனார். ஒன்பது பேர் அன்றைக்கே சீசாவைக் கவிழ்த்தார்கள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர், எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, உமது வேலையைப் பாரும் என்றார். பாய்லர் ஷாப்பில் புதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது பெருமாள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பழைய லிஸ்ட்டு நல்லாத்தான இருந்திச்சு. இதுல இன்னா இருக்குது? ரெண்டும் எட்டுன்னா அப்பறம் எதுக்கு லிஸ்ட்டு?"

"நீர் சேந்தியால நல்லாயில்ல பெருமாள். நீர் நல்லாயிருக்கதாலதான் இன்னும் குடிக்கீரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"போ கம்பவுண்டரே" என்றார் பெருமாள். ஆனால் ஏனோக் படுத்திருப்பது அவருக்கும் தெரியும். சுவரிலிருந்த பழைய காகிதத்தைத் தாமே கிழித்து உலைக்குள் போட்டார். சேந்தியை விட்டதாகத் தெரியவில்லை.

கோவிலில் அறிக்கை வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்று, தான் சொன்னது தவறு என்று தேவசகாயம் சொன்னார். பேசிப் பழக்கமில்லாதவர். மூன்று வாக்கியம்தான் சொன்னார். சபையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செலின் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஏனோக் பிப்ரவரி வரை இருந்தான். ஆறு முறை நீர் எடுத்தார்கள். கடைசி இரண்டு வாரம் ஆளைத் தெரியாமல் பேசினான். அடக்கத்துக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். படுக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு பக்கமாக நின்றது தேவசகாயத்தின் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது. அவர்களை இதற்கு முன் அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

டோரிஸுக்கு மூன்று மாசத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அவளைத் தங்களோடு வந்து இருக்கும்படி செலின் அழைத்தாள். டோரிஸ் வரவில்லை. மிஷன் பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். தேவசகாயத்தோடு அவள் சண்டை போட்டதும் இல்லை, பேசியதும் இல்லை. மழை தொடங்கிய பிறகு, விடுதிப் பிள்ளை ஒன்றுக்கு இருமல் மருந்து வாங்க ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்தாள். முன்பெல்லாம் செய்தது போல வரிசையைத் தாண்டி உள்ளே வராமல், கடைசியாக நின்று அவள் முறை வந்தபோதுதான் வந்தாள்.

அவர் மருந்தைக் கலந்தார். பட்டையை வெட்டி ஒட்டினார். அவள் சீசாவை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"அண்ணன், ஒண்ணு கேக்கணும். அந்த அவுன்ஸ் கொடுக்காம இருந்தா அவங்க இருந்திருப்பாங்களா?"

அவர் இந்தக் கேள்வியை எத்தனையோ நாள் தனக்குள்ளே கேட்டிருந்தார். ஏற்கெனவே பழுதான ஈரல். ஒருவேளை இன்னும் இரண்டு வருஷம் இருந்திருக்கலாம், பத்து வருஷம் இருந்திருக்கலாம். அல்லது அதே பிப்ரவரியில் போயிருக்கலாம். இருநூறு பேரை எண்ணினாலும் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல முடியாது. இருந்திருப்பான் என்று சொன்னால் அவரை வைது தீர்க்க அவளுக்கு ஒரு வழி கிடைக்கும். இருந்திருக்கமாட்டான் என்றால் அவள் கையால் ஊற்றிக் கொடுத்த பாரம் கொஞ்சம் குறையும். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"தெரியாது டோரிஸ்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை.

"அன்னைக்கு நிச்சயமாத் தெரியுமான்னு நான் கேட்டேன். அன்னைக்கும் இப்படித் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே அண்ணன்."

சீசாவை முந்தானையில் பொதிந்துகொண்டு படியிறங்கினாள். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஃபவுண்டரி ஆள் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார். தேவசகாயம் பதிவேட்டைத் திறந்து பெயரை எழுதினார். குடிப்பது உண்டா என்று கேட்டார். இல்லை, விட்டாச்சு என்றார் அந்த ஆள்.

"எப்ப விட்டீங்க? எதனால?"

அந்த ஆள் யோசித்துப் பதில் சொல்லும்வரை, பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.